‘லைட்’: ஒரு சொல்லா, இரண்டு சொற்களா?

தமக்கு ஆங்கிலம் தெரியாது என்று கூறுபவர்களும் நாளொன்றுக்குப் பல தடவைகள் உச்சரிக்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘லைட்’ என்பதும் ஒன்றாகும். பொழுது சாய்ந்ததும் ‘லைட்டைப் போடு’ என்கிறோம். மின்சாரம் தடைப்பட்டால் ‘லைட் போய்விட்டது’ என்கிறோம். புடவைக் கடையில் ‘லைட் கலர்’ கேட்கிறோம். உடம்பு சரியில்லாத நாளில் ‘லைட்டாக ஏதாவது சாப்பிட்டால் போதும்’ என்கிறோம். முதல் இரண்டு வாக்கியங்களில் அது வெளிச்சம். மூன்றாவதில் வெளிறிய நிறம். நான்காவதில் வயிற்றுக்குப் பாரமில்லாத உணவு. பேச்சில் இவற்றை நாம் குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் அதே சொல் அச்சில் வரும்போது, அதாவது வினாத்தாளிலும் மருந்துப் பெட்டியிலும் வேலை ஒப்பந்தத்திலும் விற்பனைப் பொருளின் மேலுறையிலும் வரும்போது, குழப்பம் ஆரம்பமாகிறது. அக்குழப்பத்தின் விலை சில வேளைகளில் ஒரு புள்ளி மாத்திரமே. சில வேளைகளில் அது உடல்நலமாகவும் இருக்கிறது.

கொழும்பு - கண்டி பிரதான வீதியில், மகா ஓயாவை அண்டி அமைந்துள்ள மாவனல்லை போன்ற ஒரு நகருக்கு இவ்விடயம் புறக்கணிக்கத்தக்கதன்று. சிங்களம் பேசும் பெரும்பான்மையினர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள், சூழவுள்ள தேயிலை மற்றும் இறப்பர் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர்கள் ஆகியோர் ஒரே சந்தையிலும் ஒரே வைத்தியசாலையிலும் சந்திக்கின்ற பிரதேசம் இது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சிங்களத்துடன் தமிழையும் அரச கரும மொழியாக்கியதோடு, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஏற்படுத்தியது. இணைப்பு மொழி என்ற பெயர் பொருந்த வேண்டுமாயின், அம்மொழியின் மிகச் சாதாரணமான சொற்களாவது சரியாக விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். கடினமான சொல்லைக் கண்டால் மாணவன் அகராதியைத் தேடுவான். ‘லைட்’ போன்ற எளிய சொல்லைக் கண்டால், ‘இது எனக்குத் தெரியும்’ என்று கடந்து செல்வான். தவறு நிகழும் இடம் அதுதான்.

இரு வேறு பிறப்புகள்

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது யாதெனில், வெளிச்சத்தைக் குறிக்கும் ‘லைட்’டும், பாரமின்மையைக் குறிக்கும் ‘லைட்’டும் ஒரே சொல்லின் இரு பொருள்கள் அல்ல என்பதாகும். அவை தனித்தனி வேர்களிலிருந்து தோன்றிய இரண்டு சொற்கள். பழைய ஆங்கிலத்திலேயே அவற்றின் ஒலி ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. பின்னர் எழுத்தும் ஒன்றாகியது. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய ஜேர்மன் மொழியில் இவை இன்னமும் பிரிந்தே நிற்கின்றன. அங்கு வெளிச்சம் ‘லிஹ்ட்’, பாரமற்றது ‘லைஹ்ட்’. இலங்கையின் கரையோரங்களை 1658 முதல் 1796 வரை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியிலோ ஆங்கிலத்தைப் போலவே இரண்டுக்கும் ஒரே வடிவம்தான்.

வெளிச்சத்தைக் குறிக்கும் சொல்லின் வேரிலிருந்தே இலத்தீன் மொழியின் ‘லுக்ஸ்’ என்ற ஒளியும், ‘லூனா’ என்ற நிலவும் வந்தன. சமஸ்கிருதத்தின் ‘ருசி’யும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அம்மொழியில் ‘ருசி’ என்றால் ஒளி, அழகு, விருப்பம் என்றெல்லாம் பொருள்படும். தமிழ் அச்சொல்லைப் பெற்றுக்கொண்டபோது ஒளியை விட்டுவிட்டுச் சுவையை மாத்திரம் வைத்துக்கொண்டது.

பாரமின்மையைக் குறிக்கும் சொல்லின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதன் வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் ‘லகு’ என்ற சொல் உண்டாயிற்று. அதுவே தமிழில் ‘இலகு’ ஆயிற்று. ‘வினாத்தாள் இலகுவாக இருந்தது’ என்று கூறும் மாணவன், தான் அறியாமலேயே ஆங்கில ‘லைட்’டின் தூரத்து உறவினரைத் துணைக்கு அழைக்கிறான். நுரையீரலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரைச் சேர்ந்தது. உடலுறுப்புகளுள் பாரம் குறைந்தது என்பதால் அப்பெயர் அமைந்தது. இறைச்சிக் கடையில் விற்கப்படும் ஆட்டின் நுரையீரலை ‘லைட்ஸ்’ என்று அழைக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு; அதற்கும் விளக்குகளுக்கும் எத்தொடர்பும் இல்லை. நம் முன்னோர் அவ்வுறுப்புக்கு நுரையின் பெயரைச் சூட்டினார்கள். கனமற்ற தன்மையை அவர்களும் அவதானித்திருந்தார்கள் எனலாம்.

இவ்விடத்தில் ஒரு வியப்பான ஒற்றுமையைச் சுட்டிக்காட்டுவது பொருத்தமாகும். தமிழில் ‘இலகுதல்’ என்றொரு பழைய வினைச்சொல் உண்டு. ‘இலங்குதல்’ என்பதன் இன்னொரு வடிவம் அது. ஒளிர்தல், பிரகாசித்தல் என்பது அதன் பொருள். ஆகவே தமிழ் அகராதியைப் புரட்டினால், ஒளிர்வதைக் குறிக்கும் ‘இலகு’ ஒன்றும், பாரமின்மையைக் குறிக்கும் ‘இலகு’ ஒன்றும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். ஆங்கிலத்தில் ‘லைட்’டுக்கு நேர்ந்தது தமிழில் ‘இலகு’வுக்கும் நேர்ந்திருக்கிறது. வேர் வேறு, வடிவம் ஒன்று. ஆங்கில மொழியின் விநோதம் என்று இதனை ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை.

நமது மொழிகளிலும் இதே நிலை

உண்மையில் ஒளி பற்றிய சொற்கள் எல்லா மொழிகளிலும் பல திசைகளில் கிளை விடுகின்றன. தமிழில் ‘ஒளி’ என்றால் வெளிச்சம். ‘ஒளிந்தான்’ என்றால் வெளிச்சத்துக்கு வராமல் மறைந்தான். ‘விளக்கு’ என்பது எரியும் பொருள். ‘விளக்கு’ என்பதே பாத்திரத்தைத் துலக்கும் செயலும், பாடத்தைத் தெளிவுபடுத்தும் செயலும் ஆகும். நீதிமன்றச் செய்திகளில் அன்றாடம் இடம்பெறும் ‘விளக்கமறியல்’ என்ற சொல்லைத் தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவர் ‘விளக்கம் தரும் மறியல்’ என்று மொழிபெயர்த்தால் நாம் நகைப்போம். நீதிமன்ற வழக்கில் ‘விளக்கம்’ என்பது வழக்கு விசாரணையைக் குறிக்கும் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ‘லைட்’ விடயத்தில் நாம் அவரது இடத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான்.

சிங்கள மொழியில் ‘எளிய’ என்றால் வெளிச்சம். அதே சொல் வீட்டுக்கு வெளியேயுள்ள இடத்தையும் குறிக்கும். ‘எளியட்ட யனவா’ என்றால் வெளியே போதல் என்பது மாவனல்லையில் எவருக்கும் தெரிந்ததே. நுவரெலியா என்ற பெயரை ‘ஒளி நகரம்’ என்று சிலரும், ‘வெட்டவெளியில் அமைந்த நகரம்’ என்று வேறு சிலரும் விளக்குவது இந்த இரட்டைப் பொருளினாலேயே. தமிழில் ‘வெளி’யிலிருந்து ‘வெளிச்சம்’ பிறந்திருப்பதை நினைத்துப் பார்த்தால், மறைப்பு இல்லாத இடமே வெளிச்சமுள்ள இடம் என்ற எண்ணம் இரு மொழிகளுக்கும் பொதுவானது என்பது புலப்படும்.

அரபு மொழி இதனை வேறு விதமாகக் கையாளுகிறது. அங்கு ஒளி ‘நூர்’, பாரமற்றது ‘கஃபீஃப்’. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. அதுமட்டுமன்றி, ஆங்கிலம் ஒரே சொல்லால் கூறிவிடும் வெளிச்சத்தையே அரபு மொழி நுணுக்கமாகப் பிரிக்கிறது. திருக்குர்ஆனின் 24ஆவது அத்தியாயத்தின் பெயர் ‘அந்நூர்’ என்பதை யாவரும் அறிவர். 10ஆவது அத்தியாயமாகிய யூனுஸில், சூரியனைப் பற்றிக் கூறும்போது ‘ழியா’ என்ற சொல்லும், சந்திரனைப் பற்றிக் கூறும்போது ‘நூர்’ என்ற சொல்லும் கையாளப்பட்டுள்ளன. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இரண்டுக்கும் ‘லைட்’ என்று எழுதிவிட்டால் அந்த வேறுபாடு வாசகனுக்குக் கிட்டாமற் போய்விடும். நெருப்பைக் குறிக்கும் ‘நார்’ என்ற சொல்லும் ‘நூர்’ என்ற சொல்லும் ஒரே வேரெழுத்துக்களைக் கொண்டவை என்பதையும், ஓர் உயிரொலி மாறினால் பொருள் எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதையும் அரபு கற்ற நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள்.

1892ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கப்பட்ட கல்விக்கூடம் பின்னர் பெற்ற ‘ஸாஹிரா’ என்ற பெயருக்கும் ஒளிர்வது, பிரகாசமானது என்பதே பொருள். மாவனல்லையிலும் அப்பெயருடன் பாடசாலை உண்டு. முனீர், அன்வர், ஸிராஜ் என்று நாம் பிள்ளைகளுக்கு இடும் பெயர்களும், ஜோதி, தீபா, சுடர் என்று அயல்வீட்டார் இடும் பெயர்களும் ஒரே ஆசையையே வெளியிடுகின்றன.

வகுப்பறையிலும் செய்தி மேசையிலும்

வெளிச்சக் கிளையின் பொருள்களை முதலில் நோக்குவோம். விளக்கு, வெளிச்சம், வீதிச் சமிக்ஞை விளக்கு, நெருப்பை மூட்டுதல், பகற்பொழுது என்பன நேரடிப் பொருள்கள். இவற்றில் மாணவர்கள் பெரும்பாலும் தவறுவதில்லை. அவர்கள் தடுமாறுவது கூட்டுச் சொற்களில்தான். ‘லைட் இயர்’ என்ற ஒளியாண்டு அதற்கு நல்ல உதாரணம். ‘ஆண்டு’ என்ற சொல் இருப்பதால் அது காலத்தின் அளவு என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அது தூரத்தின் அளவு. செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம், அதாவது ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். ‘பல ஒளியாண்டுகளுக்கு முன்னர்’ என்று எழுதுவது, ‘பல மைல்களுக்கு முன்னர் நான் பிறந்தேன்’ என்று எழுதுவதற்கு ஒப்பானது.

அறிவை ஒளியாகக் கூறும் வழக்கும் இக்கிளையில் அடங்கும். இதில் முஸ்லிம் உலகின் பங்கு உவமையளவில் நின்றுவிடவில்லை. பஸ்றாவில் பிறந்து கெய்ரோவில் பணியாற்றிய இப்னு அல் ஹைத்தம், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை உண்டாகிறது என்பதைப் பரிசோதனைகள் மூலம் விளக்கி, ஒளியியல் பற்றிய தமது பெருநூலை எழுதினார். அந்நூலுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நிறைவடைந்தமையும், 2015ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஒளி ஆண்டாகப் பிரகடனம் செய்தபோது நினைவுகூரப்பட்டது. அந்த ‘ஒளி ஆண்டு’ காலத்தின் அளவு. மேலே கூறிய ‘ஒளியாண்டு’ தூரத்தின் அளவு. தமிழிலும் கவனம் தேவை என்பதற்கு இதுவே சான்றாகும்.

பத்திரிகை மேசையில் பணிபுரிவோரும் இச்சொல்லிடம் அகப்படுவதுண்டு. ‘த்ரோ லைட் ஒன்’ என்றால் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்துதல். ‘மேக் லைட் ஒஃப்’ என்றால் அதனைப் பொருட்படுத்தாமல் விடுதல். முன்னது வெளிச்சக் கிளை. பின்னது பாரமின்மைக் கிளை. மக்களின் முறைப்பாட்டை ஓர் அதிகாரி அலட்சியப்படுத்தினார் என்ற ஆங்கிலச் செய்தி, அவர் அதனைத் தெளிவுபடுத்தினார் என்று தமிழில் வெளிவந்தால், நடந்ததற்கு நேர்மாறான ஒன்றை வாசகன் நம்பிவிடுவான். அதேபோல், ‘ஆணைக்குழு அறிக்கையின் வெளிச்சத்தில் தீர்மானம் எடுக்கப்படும்’ என்பன போன்ற வாக்கியங்களும் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவே. ‘அறிக்கையின் அடிப்படையில்’ என்று எழுதினால் தமிழ் வாசகனுக்கு உடனே விளங்கும்.

பாரமின்மைக் கிளை

இரண்டாவது கிளையில் பொருள்கள் இன்னும் பரந்தவை. சாரதி அனுமதிப்பத்திரம் தொடர்பில் பேசப்படும் ‘இலகு ரக வாகனம்’ எடையை அடிப்படையாகக் கொண்டது. 1881ஆம் ஆண்டில் தோற்றம்பெற்ற தொண்டர் படையொன்றிலிருந்து வளர்ந்த இலங்கை இலகு காலாட்படையின் பெயரிலுள்ள ‘லைட்’டும் அத்தகையதே. பாரமான ஆயுதங்களும் சுமைகளுமின்றி விரைந்து நகரும் படை என்பது அப்பெயரின் பழைய கருத்து. ‘லைட் சென்டன்ஸ்’ என்றால் குறைந்த தண்டனை. ‘லைட் ஸ்லீப்’ என்றால் சிறு சத்தத்துக்கும் கலைந்துவிடும் உறக்கம். வாகனத்திலிருந்து இறங்குவதைக் குறிக்கும் ‘அலைட்’ என்ற சொல்லும் இங்குதான் சேரும். குதிரையிலிருந்து இறங்கி அதன் பாரத்தைக் குறைத்தல் என்பதே அதன் பழம்பொருள்.

வைத்தியசாலையில் இவ்விரு கிளைகளும் ஒரே நோயாளியின் கையில் வந்து சேரக்கூடும். மருந்துப் பெட்டியில் ‘லைட்’ படாமல் பாதுகாக்குமாறு அச்சிடப்பட்டிருந்தால் அது வெளிச்சத்தைப் பற்றிய எச்சரிக்கை. யன்னலோரத்தில் வைத்தால் மருந்தின் வலு குன்றும். அதே நோயாளியின் குறிப்பில் ‘லைட் டயட்’ என்றிருந்தால் அது எளிதில் சமிக்கக்கூடிய உணவு. ‘லைட் டியூட்டி’ என்றிருந்தால் அது பாரம் தூக்குதல், மேடேறுதல் போன்றவற்றைத் தவிர்த்த வேலை. தோட்டத் தொழிலாளி ஒருவர் அக்குறிப்பைப் பெற்று, அதன் பொருளை உணராமல் மறுநாளே கொழுந்துக் கூடையுடன் மலையேறினால், வைத்தியர் எழுதியது வெறும் மையாகவே போய்விடும்.

இக்கிளையில் சமுதாய முக்கியத்துவம் மிக்க ஒரு தொடர் ‘லைட் வேர்க்’ என்பதாகும். சர்வதேச தொழில் தாபனத்தின் 138ஆவது சமவாயம் 1973ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயது பற்றிய அச்சமவாயம், 13 முதல் 15 வயது வரையானவர்களை ‘இலகுவான வேலை’களில் அனுமதிக்க நாடுகளின் சட்டங்களுக்கு இடமளிக்கிறது. ஆனால் எது இலகு என்பதை அது தெளிவாக வரையறுக்கிறது. அவ்வேலை பிள்ளையின் உடல்நலத்துக்கோ வளர்ச்சிக்கோ கேடு விளைவிக்கக் கூடாது. பாடசாலை வரவையும் கல்வியால் பயன்பெறும் ஆற்றலையும் பாதிக்கக் கூடாது. அதாவது, தூக்கும் பொருளின் எடை இங்கு அளவுகோல் அன்று. ஒரு கடையில் நாள் முழுவதும் அமர்ந்திருந்து சில்லறை எண்ணிக் கொடுப்பது கைக்குப் பாரமில்லாத வேலைதான். ஆயினும் அதற்காகப் பிள்ளை பாடசாலைக்குச் செல்லாதிருந்தால், சமவாயத்தின் மொழியில் அது ‘லைட்’ அன்று. இலங்கை 2021ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின் மூலம் வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தியது. ‘சின்ன வேலைதானே’ என்று பிள்ளைகளை நகரத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்பும் பெற்றோரும், அவர்களை ஏற்றுக்கொள்வோரும் இதனை மனங்கொள்ள வேண்டும்.

தேயிலைக் கோப்பையில்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணத்துக்கு மிகப் பரிச்சயமான இரண்டு பொருட்களைக் கொண்டு இச்சொல்லின் மூன்றாவது தன்மையை விளக்கலாம். முதலாவது தேயிலை.

தேயிலையின் சுவையைப் பரிசோதிப்போருக்கென ஒரு தனி ஆங்கிலம் உண்டு. 1883ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தின் பின்னணியில் அம்மொழியே பேசப்படுகிறது. அதில் ‘பிரைட்’ என்பது பாராட்டு. வடித்த சாயம் மங்கலாக இல்லாமல் துலக்கமாகவும் உயிர்ப்புடனும் இருக்கிறது என்பது அதன் பொருள். ‘லைட்’ என்பதோ பெரும்பாலும் குறை. சாயத்தில் அடர்த்தியும் வலுவும் போதாது என்பது அதன் பொருள். பொது அகராதியை மாத்திரம் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர் இரண்டையும் ‘ஒளி’ என்றே எழுதிவிடக்கூடும். ஆனால் ஒன்று விலையை உயர்த்தும் சொல்; மற்றையது விலையைக் குறைக்கக்கூடிய சொல்.

கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழ் விளையும் தாழ்நிலத் தேயிலையைப் பொறுத்தவரை இது மேலும் முக்கியமானது. சப்ரகமுவவின் தேயிலையில் பெரும்பகுதி அவ்வகையினதே. கடுஞ்சாயமும் வலுவும் அதன் அடையாளங்கள். மத்திய கிழக்கு நாடுகளில் அது விரும்பி வாங்கப்படுவதும் அவற்றுக்காகவே. அத்தகைய தேயிலை ‘லைட்’ என்று மதிப்பிடப்பட்டால் அது தன் இயல்பை இழந்துவிட்டது என்றே அர்த்தம். ஆனால் நுவரெலியாவின் உயர்நிலத் தேயிலைக்கு மெல்லிய சாயம் இயல்பானது. அங்கு அதே சொல் குறையாகாது. ஆகவே சொல்லின் பொருளை மாத்திரமன்றி, அது எதனைப் பற்றிச் சொல்லப்பட்டது என்பதையும் கேட்க வேண்டியுள்ளது.

இரண்டாவது பொருள் இரத்தினக்கல். நீலக்கல்லின் நிறம் ‘லைட்’ என்றால் அது வெளிறியது. கல் ‘பிரைட்’ என்றால் அதனுள் சென்ற ஒளி நன்கு திரும்பி வருகிறது. வெளிறிய கல்லும் நன்றாக ஒளிரலாம். கருநீலக் கல்லும் மங்கிக் கிடக்கலாம். இவ்விரு குணங்களையும் பிரித்தறியாத வியாபாரி நட்டமடைவார்.

நிறத்தைக் குறிக்கும் இந்த ‘லைட்’ மனிதரின் தோலுக்கு வரும்போது அபாயமாகவும் மாறிவிடுகிறது. ‘லைட்னிங்’ என்றும் ‘பிரைட்னிங்’ என்றும் விற்கப்படும் களிம்புகள் தோலின் இயற்கை நிறமியைக் குறைப்பதை நோக்கமாகக் கொண்டவை. அவற்றுள் சில பாதரசம் கலந்தவை என்றும், பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்றும் உலக சுகாதார தாபனம் எச்சரித்துள்ளது. 2020ஆம் ஆண்டில் யுனிலீவர் நிறுவனம் ‘வெண்மை’, ‘லைட்னிங்’ போன்ற சொற்களைத் தனது அழகுசாதனப் பொருட்களின் உறைகளிலிருந்து நீக்குவதாக அறிவித்ததோடு, இந்தியாவில் பிரபலமாயிருந்த களிம்பொன்றின் பெயரையும் மாற்றியது. வெளிறுவதும் ஒளிர்வதும் ஒன்றல்ல என்பது தேயிலைக்கும் கல்லுக்கும் பொருந்துவது போலவே மனித முகத்துக்கும் பொருந்தும்.

விற்பனைச் சொல்லாக

வர்த்தகர்கள் ‘லைட்’டை விரும்புவதற்குக் காரணம், அச்சொல் எதனையும் திட்டவட்டமாகக் கூறாமல் நல்லெண்ணத்தை மாத்திரம் ஏற்படுத்துவதாகும். அமெரிக்காவில் ஓர் உணவுப் பொருளை ‘லைட்’ என்று விற்க வேண்டுமாயின், வழமையான பொருளை விடக் கலோரி மூன்றிலொரு பங்கோ அல்லது கொழுப்பு அரைப்பங்கோ குறைவாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 30 சதவீதக் குறைப்பு வேண்டும். ஆனால் ‘லைட்’ ஒலிவ் எண்ணெய் என்பதில் குறைந்திருப்பது நிறமும் சுவையும் மாத்திரமே; கொழுப்பும் கலோரியும் ஏனைய எண்ணெய்களுக்குச் சமமானவை. நோன்பு காலத்தில் உடல்நலம் கருதி அதனைத் தேடி வாங்குவோர் இதனை அறிந்திருப்பது நல்லது.

இச்சொல்லின் மிகக் கொடிய பயன்பாடு சிகரெட் பெட்டியில் இடம்பெற்றது. ‘லைட்’ சிகரெட் என்றால் தீங்கு குறைந்தது என்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நம்பினர். புகைப்பவர் ஆழமாக இழுப்பதாலும், வடிகட்டியிலுள்ள நுண்துளைகளை விரலாலும் உதட்டாலும் மூடிவிடுவதாலும் அவரது நுரையீரலை அடையும் நச்சு குறைவதில்லை என்பதை ஆய்வுகள் நிரூபித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டிலும் அமெரிக்கா 2010ஆம் ஆண்டிலும் சிகரெட் பெட்டிகளில் அச்சொல்லைத் தடை செய்தன. இலங்கையும் 2003ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட உலக சுகாதார தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயம், தவறான எண்ணத்தை ஏற்படுத்தக்கூடிய சொற்களுக்கு உதாரணமாக ‘லைட்’டைப் பெயர் குறித்தே சுட்டுகிறது. ஒரு பெயரடை உலக ஒப்பந்தமொன்றில் குற்றவாளியாக நிறுத்தப்படுவது அடிக்கடி நிகழ்வதன்று.

குப்பி லாம்பின் பாடம்

வெளிச்சம், பாரமின்மை ஆகிய இரு பொருள்களும் ஒரே பொருளில் சந்தித்த துயரக் கதையொன்றும் நம் நாட்டில் உண்டு. மின்சாரம் எட்டாத தோட்ட லயங்களிலும் கிராமத்துக் குடிசைகளிலும் வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி லாம்புகளே நெடுங்காலம் ஒளி தந்தன. பாரமற்ற அந்தப் போத்தல் காலோ கையோ பட்டதும் கவிழும். எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். எரிகாயங்களுக்குள்ளானவர்களுள் பெண்களும் குழந்தைகளும் அதிகம். அத்தகையோருக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் விஜய கொடகும்புர, 1992ஆம் ஆண்டளவில் ஒரு பாதுகாப்பான லாம்பை வடிவமைத்தார். அது குட்டையானது, கனமானது. உருண்டோடாதவாறு இரு பக்கங்களும் தட்டையானவை. எண்ணெய் சிந்தாதவாறு திருகு மூடி பொருத்தப்பட்டது. இப்பணிக்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. அக்கண்டுபிடிப்பின் அடிப்படையை ஒரே வரியில் கூறிவிடலாம்: ஒளி தரும் பொருள் பாரமற்றதாக இருக்கக் கூடாது.

எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்

இத்தனை பொருள்களையும் மனனம் செய்வது இயலாது; அவசியமுமன்று. ஆசிரியர்கள் மாணவர்களுக்கு ஒரேயொரு கேள்வியைக் கற்றுக்கொடுத்தால் போதுமானது. ‘லைட்’ என்ற சொல்லைக் கண்டதும் அதன் பொருள் என்னவென்று கேட்பதற்கு முன்னர், ‘இவ்விடத்தில் இதற்கு எதிரானது எது?’ என்று கேட்க வேண்டும். எதிரானது இருளாயின், அது வெளிச்சம். பாரமாயின், அது இலகு. கடும் நிறமாயின், அது வெளிறல். வலுவாயின், அது மென்மை. கடுமையாயின், அது குறைவு. கருத்தூன்றிய கவனமாயின், அது அலட்சியம். அறைக்குரிய ‘லைட்’டும், பெட்டிக்குரிய ‘லைட்’டும், சாயத்துக்குரிய ‘லைட்’டும் இந்த ஒரு கேள்வியிலேயே தத்தமது வரிசையில் போய் நின்றுவிடும்.

இக்கேள்வி ஒரு சொல்லுக்கு மாத்திரம் உரியதன்று. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்கள் ‘ஒரு சொல், ஒரு பொருள்’ என்ற பட்டியலாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. பட்டியல் பரீட்சைக்கு முந்திய இரவில் உதவலாம். வேலைத்தளத்திலும் வைத்தியசாலையிலும் கடையிலும் அது கைகொடுப்பதில்லை. தமிழ்மொழி மூலம் கற்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் மாவனல்லை நகரத்து முஸ்லிம் பிள்ளைக்கும் இக்குறை பொதுவானது. வீட்டில் ஆங்கிலம் பேசக் கேட்டு வளரும் பிள்ளை, சொல்லின் இடமறிந்து பொருள் கொள்ளும் பழக்கத்தைத் தானாகவே பெற்றுவிடுகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அதனைப் பாடசாலைதான் தர வேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. மருந்துப் பெட்டி, தேயிலைப் பக்கெற், பழைய பத்திரிகை ஆகியவற்றை வகுப்பறைக்கு எடுத்துவந்து, அவற்றிலுள்ள சாதாரணச் சொற்களை ஒவ்வொன்றாக இக்கேள்விக்கு உட்படுத்தினால் போதும். அப்பிள்ளைகள் தமிழிலும் சிங்களத்திலும் அரபிலும் ஏற்கெனவே இதே வேலையைச் செய்து பழகியவர்கள்தான். ‘ஒளி’க்கும் ‘ஒளிந்தான்’ என்பதற்கும் வேறுபாடு அறிந்த பிள்ளைக்கு ‘லைட்’ கடினமாக இருக்க நியாயமில்லை.